வாசலில் ஒரு கோம்பை

ஜனவரி 17, வெள்ளி

வீட்டுக்கு நாய் வந்திருக்கிறது. நாய் என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வருகிறது. நாய் இல்லையாம், கோம்பை ஜாதியாம். காலையில் நண்பரின் காரில் கோம்பை ஊருக்கே போனவர், மதியம் பின்சீட்டில் அதை ஏற்றிக்கொண்டு சின்னமனூரில் எங்கள் வாசலில் வந்து இறங்கினார். செவலை நிறம். வாயைச் சுற்றி மட்டும் கரி பூசிய மாதிரி கறுப்பு. குட்டியும் இல்லை, முழுதாக வளர்ந்ததும் இல்லை. குரைக்கவில்லை, வாலாட்டவில்லை. படியில் நின்று எங்களை ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்தது. பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் ஒச்சம்மாள் என்னை அப்படித்தான் பார்த்தார்.

அதை வளர்த்த பேயத்தேவனும் கூட வந்திருந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இது ஒரு ஆளுக்கு அடங்குற நாயி. நாலு பேரு சோறு வச்சா நாலு பேருக்கும் ஆகாது. மொத மாசம் யாரு கையால திங்குதோ அவுகதேன் எசமான். மத்தவுகள்லாம் விருந்தாளிதேன். கறிக்கடையில குடலு, சவ்வு வாங்கி வேக வச்சு, கம்பஞ்சோத்துல பெசஞ்சு வைங்க."

இவர் உடனே மாமியாரிடம், "அம்மா, நீ மட்டும் வையி. பாண்டீஸ்வரி வைக்க வேணாம்" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒரு வேலை மிச்சம். மேலத் தெருவில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்களாம், இரண்டு பொம்பளைகள் தனியாக இருக்கிற வீட்டுக்குக் காவல் வேண்டுமாம். டைகர் என்று பெயர் வைத்திருக்கிறார். எனக்கென்னவோ செவலை என்றுதான் வாயில் வருகிறது.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து இவர் சோலாப்பூருக்குக் கிளம்பிவிட்டார். அங்கேதான் இவருடைய முறுக்குக் கம்பெனி. போகும்போது சொல்லிவிட்டுப் போனவை: நாயைக் கட்டக்கூடாது. போன் அடித்தால் முதல் ரிங்கிலேயே எடுக்க வேண்டும். அளவு கொடுக்க, துணி கொடுக்க என்று வீட்டுக்கு வருகிற கூட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நான் முன்னறையில் பிளவுஸ் தைக்கிறேன். கூட்டம் இல்லாமல் எப்படித் தைப்பது? காற்றுக்கா அளவு எடுப்பது?

ஜனவரி 21, செவ்வாய்

மாமியார் இன்று பழனிக்கு மாலை போட்டுக்கொண்டார். தைப்பூசத்துக்குத் தெருப் பெண்களோடு பாதயாத்திரை போகிறார். பேரன் வேண்டும் என்று வேண்டுதல். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது, அதனால் முருகன் மேல் பொறுப்பைப் போட்டிருக்கிறார். பிள்ளை பெற வேண்டியவர் சோலாப்பூரில் முறுக்குப் பிழிந்துகொண்டிருக்கிறார் என்பதை முருகனிடம் யார் எடுத்துச் சொல்வது?

சாயங்காலம் கறிக்கடைப் பொட்டலம் வந்தது. மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனார்.

"மாலை போட்டுருக்கேன், ஆட்டுக் கொடலத் தொடவா? இந்தா, நீயே அவிச்சுப் போடு."

"என்னய வைக்கக் கூடாதுன்னாகளே அத்தை."

"அவன் சோலாப்பூர்லருந்து வந்து பாக்கப் போறானாக்கும்? போடுடி."

ஜனவரி 24, வெள்ளி

இந்த ஜாதியின் குணம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது. தூக்கிப் போட்டதைத் தின்னாது. தட்டை வைத்துவிட்டு நான் நகர்ந்தாலும் தின்னாது. பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தால், என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தின்கிறது. பிஸ்கட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அந்த மிடுக்கைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது.

வீடு முழுக்கக் குடல் நாற்றம். ஊதுவத்தி ஏற்றினால் இரண்டும் கலந்து இன்னும் மோசம்.

ஜனவரி 29, புதன்

நினைத்த மாதிரியே ஆயிற்று. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் பட்டு பிளவுஸ் வாங்க வந்தார். செவலை குரைக்கவே இல்லை. எழுந்து போய்க் கேட்டுக்கு நேராகக் குறுக்கே நின்றது. முதுகுத்தண்டில் மட்டும் முடி சிலிர்த்துக்கொண்டது. தொண்டைக்குள்ளே உருட்டுகிற மாதிரி ஒரு உறுமல். குரைக்கிற நாய் கடிக்காது என்று படித்தவருக்குத் தெரியாதா? இது குரைக்காத நாய். டீச்சர் தெருவிலிருந்தே பிளவுஸை வாங்கிக்கொண்டு போனார். அளவு சரியா என்று போட்டுப் பார்க்கவும் இல்லை.

ஜவுளிக்கடை ரஷீதாதான் எனக்குப் பாதி வேலை கொடுப்பவள், கூடப் படித்தவள். அவள் துணிப்பையைச் சுவருக்கு மேலே வீசிவிட்டு, "பாண்டி, இது வீடாடி, ஜெயிலாடி?" என்று கத்திவிட்டுப் போனாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இவர் போன். "நல்லா காவல் காக்குதா?"

"காக்குது மாமா. ஒருத்தரும் உள்ள வர முடியல."

சிரித்தார். இவ்வளவு சந்தோஷமாக இவர் பேசி நாளாகிவிட்டது. எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று யோசித்துக்கொண்டே தைத்ததில் ஒரு கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். அது செவலைக்குப் பொருந்தாது, எனக்குத்தான் பொருந்துகிறது. அது கேட்டைப் பார்த்துத் தலைவைத்து நிம்மதியாகப் படுத்திருக்கிறது. நான்தான் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடக்கிறேன். ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன். தைக்கத் துணி இல்லை. ஆள் வராமல் துணி எங்கிருந்து வரும்?

ஒன்று கவனித்தேன். மெஷின் ஓடினால் படுத்துக்கொள்கிறது. மெஷின் நின்றால் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறது. அதற்காகவே வெறும் துணியில் நூல் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் அக்காவிடம் மேலத் தெருக் களவைப் பற்றிக் கேட்டேன்.

"களவா? எந்தக் களவு? வாத்தியார் வீட்டுல சாவியத் தொலைச்சுப்புட்டு அவுகளேதான் பூட்ட ஒடச்சாக. ஊரே கூடி நின்னு வேடிக்க பாத்துச்சு. ஒன் வீட்டுக்காரரும் பக்கத்துல நின்னாரே!"

இவர் வேறு ஏதாவது களவைச் சொல்லியிருப்பார். நான்தான் தெருவை மாற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

மாமியார் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு பாதயாத்திரை கிளம்பினார். முட்டுவலித் தைலம் என்னிடம் கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். வீட்டில் நானும் செவலையும் மட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று ஒரு காரியம் கண்டுபிடித்தேன், நானாகவே.

ரஷீதா கேட்டுக்கு வெளியே நின்றாள். பையை வீச வேண்டாம் என்று நானே வெளியே போனேன். வெயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு சுவாரசியத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பாதி முற்றத்தில்தான் செவலை நினைவு வந்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். ரஷீதா கண்ணை மூடிக்கொண்டு என்னவோ ஓதினாள். அது எழுந்து வந்து, கோத்திருந்த எங்கள் கைகளை மோந்து பார்த்தது. முதலில் என் கை, பிறகு அவள் கை, மறுபடியும் என் கை. அப்புறம் விலகிப் போய்ப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான்!

சின்னத்தாய் அக்காவை வைத்தும் சோதித்துப் பார்த்தேன். தனியாக வந்தால் மறிக்கிறது. நான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தால் வழி விடுகிறது.

"கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளைய மச்சினன் கூட்டிட்டுப் போற மாதிரியில்ல கூட்டிட்டுப் போற" என்று ரஷீதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முழங்கையைத் திருப்பி, பழைய தழும்பைப் பார்த்தாள். "இது என்னடி?"

கதவில் இடித்தது என்றேன். கதவில்தான் இடித்தது. ஆள் தள்ளாமலும் கதவில் இடிக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று நடந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிக்கத்தான் பயமாக இருக்கிறது.

மாமியார் பஞ்சாமிர்த டப்பாவோடு பழனியிலிருந்து வந்து இறங்கினார். செவலை கேட்டுக்குக் குறுக்கே நின்றது. மாமியார் "சூ" என்றார், "சனியனே" என்றார், "முருகா" என்றார். முருகனும் வரவில்லை, நாயும் நகரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"என் வீட்டுக்குள்ள என்னய நீ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறியாக்கும்?"

"அப்ப இங்கயே நிக்கிறீங்களா அத்தை?"

வந்தார். மாலையைக் கழற்றிய கையோடு வீறாப்பாகத் தட்டை எடுத்துப்போய் நாய்க்கு வைத்தார். அது தட்டைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து உட்கார்ந்தது. மாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இத அவன்ட்டச் சொல்லிராத. நாந்தேன் சோறு வைக்கிறேன்னு சொல்லு. அவுக அப்பன் கோவம் அப்படியே இவனுக்கு வந்துருக்கு."

மாமியாருக்கும் பயம் உண்டு என்று எனக்கு இதுநாள்வரை தெரியாது.

மார்ச் 4, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. ரஷீதா கடை வழியாக ரம்ஜான் வேலை குவிகிறது. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போய்க் கூட்டி வருவதும், கொண்டுபோய் விடுவதுமாக நடந்து நடந்து கால் வலிக்கிறது. நாய் இருக்கிற வீட்டில் தைக்கிறவள் என்று எனக்குப் பெயராகிவிட்டது. பயந்து ஓடியவர்களே இப்போது அதைப் பார்ப்பதற்காகவும் வருகிறார்கள்.

மாமியார் முன்னறையில் சுவரோரம் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கிறார். ஊக்கு வைத்துத் தருகிறார். நேற்று இவர் போனில் "கூட்டம் வருதாம்மா?" என்று கேட்டபோது, எதிரே ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்க, "ஈ காக்கா வரலப்பா" என்றார். அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்காகப் பொய் சொன்னாரா, தனக்காகவா தெரியவில்லை. கேட்டால் வம்பு. ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

மெஷின் சத்தத்தில் முதல் ரிங் கேட்கவில்லை. இரண்டாவதும் கேட்கவில்லை. அப்புறம் எடுத்தேன். இவர் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை.

மார்ச் 17, திங்கள்

வேலை ஓடவில்லை. செவலையைக் குளிப்பாட்டினேன். கழுத்துத் தோல் தொளதொளவென்று கையில் வருகிறது, அளவு தப்பித் தைத்த சட்டை மாதிரி. குளிக்கும்போதும் கேட்டைப் பார்த்துத்தான் நிற்கிறது.

மார்ச் 22, சனி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மேலத் தெருவில் களவு நடக்கவில்லை. அது இவருக்கும் தெரியும், பூட்டை உடைக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறார். இந்த நாய் எனக்குக் காவல் இல்லை, என் மேல் காவல். திருடன் வரக்கூடாது என்று வாங்கவில்லை. டீச்சர் வரக்கூடாது, ரஷீதா வரக்கூடாது, யாரும் வரக்கூடாது, நானும் தைக்கக்கூடாது என்று வாங்கியது. அதனால்தான் நான் சோறு வைக்கக்கூடாது என்றார். அம்மாவுக்கு அடங்கிய நாய் வாசலில் படுத்திருந்தால் அம்மாவைக் கேட்காமல் நான் தெருவைக்கூடப் பார்க்க முடியாது. மாமியார் மாலை போடாமல் இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும்.

கத்தரிக்கோலைத் தூக்கி வீசினேன். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். செவலை மட்டும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், தன்னை எதற்கு வாங்கினார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

நாளைக்குப் பெருநாள். கடைசித் துணியும் போய்விட்டது. முதுகு இரண்டாகப் பிளக்கிறது. அடுத்து மாரியம்மன் பங்குனிப் பொங்கல் வேலை. கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது, அங்கே மெஷினைப் போடு என்கிறாள் ரஷீதா. இவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

ஏப்ரல் 5, சனி

இவர் வந்துவிட்டார், சொல்லாமல்.

மதியம். முன்னறை நிறைய ஆட்கள். ரஷீதா ஜாக்கெட் துணி பிரித்துக்கொண்டிருந்தாள், மாமியார் ஊக்கு வைத்துக்கொண்டிருந்தார். கேட் சத்தம் கேட்டது. பிறகு அந்த உறுமல். இதற்கு முன் இவ்வளவு ஆழமாக அது உறுமிக் கேட்டதில்லை.

"டேய் டைகர்! நாந்தான்டா!"

குரலைக் கேட்டதும் என் கால் பெடலில் நின்றுவிட்டது. மெஷினும் நின்றது. செவலைக்கு அது போதும். எழுந்து இரண்டடி முன்னால் வைத்தது. இவர் தோள் பையைச் சுழற்றி ஓங்கினார். அது பல்லைக் காட்டியது. இவர் தெருவுக்கே பின்வாங்கினார். சின்னத்தாய் அக்கா வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டிலும் தலைகள் தெரிந்தன.

"ஏய் பாண்டி! செயின எடுத்துட்டு வந்து கட்டுடி இத!"

ரஷீதா என் காதில், "நான் பின்வாசல் வழியா போயிரட்டுமா?" என்றாள்.

"எதுக்குப் போற? உக்காரு" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

வெளியே போனேன். செயினை எடுக்கவில்லை. "கட்ட வேணாம்னு நீங்கதான சொன்னீங்க மாமா. அது கட்டிப் பழகல."

இவர் என்னை விட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினார். "அம்மா! நீ வந்து சொல்லும்மா அதுகிட்ட!"

மாமியார் ஊக்கு டப்பாவோடு படிக்கு வந்தார். "நான் சொன்னா அது எங்க கேக்குது? எனக்கே இவ கையப் புடிச்சாத்தேன் வழி. சோறு வைக்கிறவகிட்டக் கேளு."

"இவளா வச்சா? உன்னயத்தான வைக்கச் சொன்னேன்?"

"மாலை போட்டுட்டு ஆட்டுக் கொடலப் பெசையச் சொல்றியா? ஒனக்குப் புள்ள வேணும்னுதான்டா நடந்தேன்!"

தெருவில் யாரோ சிரித்தார்கள். இவர் முகம் கறுத்தது. உள்ளே இருந்த பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அத்தனை பேரும் உள்ளே, வீட்டுக்காரர் வெளியே. நான் கேட்டைத் தாண்டிப் போய்க் கையை நீட்டினேன்.

"கையக் குடுங்க மாமா. கூட்டிட்டுப் போறேன்."

முறைத்தார். நாயைப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் கொடுத்தார்.

அந்தக் கை நடுங்கியது. வியர்த்து, சில்லிட்டு, விரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நடுங்கியது. எனக்கு அந்த நடுக்கம் நன்றாகத் தெரியும். மூன்று வருடமாக ஒவ்வொரு தடவை இவர் ஊருக்கு வரும்போதும், தண்ணீர்ச் சொம்பை நீட்டுகிற என் கை அப்படித்தான் நடுங்கும். இவர் அதை ஒருநாளும் கவனித்ததில்லை. நானும் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

கையை விட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியது நிஜம். விடவில்லை. செவலை வந்து மோந்து பார்த்தது. என் கை, அவர் கை, மறுபடியும் என் கை. வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. அப்புறம் விலகியது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் சாப்பிட்டு முடித்ததும் இவர் பேயத்தேவனுக்குப் போன் போட்டார். நாயை வந்து பிடித்துக்கொண்டு போ என்றார். பேயத்தேவன் சத்தமாகப் பேசுகிற மனிதர், பதில் எனக்கும் மாமியாருக்கும் கேட்டது.

"என்னால ஆகாதுப்பா. இப்ப நானும் அதுக்கு விருந்தாளிதேன். எசமான் யாரோ அவுகளக் கூட்டியாரச் சொல்லு."

போனை வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்தார். "நாளைக்கு நீ கொண்டுபோய் விட்டுட்டு வா."

பங்குனிப் பொங்கல் பிளவுஸுக்கு ஊக்கு மாட்டும் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தேன். இவரிடம் நான் இதுவரை இல்லை என்று சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"கூட்டிட்டுப் போறேன் மாமா. நாளைக்கு வேணாம், இன்னைக்கே போறேன். ஆனா அத அங்க விட்டுட்டு நான் மட்டும் திரும்பி வர மாட்டேன். அதுவும் நானும் ஒண்ணாத்தான் போவோம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மடித்த வெற்றிலை கையிலேயே இருந்தது. இவர் எழுந்திருக்கப் பார்த்தார். அடிக்கத்தான். எனக்குத் தெரியாதா அந்த எழுந்திருப்பு? வாசலில் செவலை தலையைத் தூக்கியது. உறுமவில்லை, சும்மா பார்த்தது. மாமியாரும் மகனையே பார்த்தார், அவரும் கண்ணை எடுக்கவில்லை. இவர் திரும்ப உட்கார்ந்தார்.

கேட்டில் ரஷீதாவும் இன்னும் இரண்டு பேரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இவருடைய நாற்காலி நடைவழியை அடைத்துப் போட்டிருந்தது. காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் அதற்கு முன்னால் போய் நின்றேன். பயமாகத்தான் இருந்தது, நின்றேன்.

காலை மடக்கிக்கொண்டார். நான் அவர்களைக் கூட்டி வரப் போனேன்.